ஷோஜோ மாங்கா என்றால் என்ன? மோட்டோ ஹகியோ வழியே ஓர் எளிய அறிமுகம்

அனிமே பார்க்கும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் 'மாங்கா' என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. ஜப்பானியப் படக்கதை என்று பாட்டிக்கே தெரிந்திருக்கும். அடுத்து, 'ஷோஜோ மாங்கா' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். "பெண்பிள்ளைகள் படிக்கிற காதல் கதை" என்று பதில் வரும். முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும் கண்கள், கண்ணுக்குள் நட்சத்திரம், காரணமே இல்லாமல் பின்னணியில் பூக்கும் ரோஜா, காதலைச் சொல்லத் தயங்கி நிற்கும் பள்ளி மாணவி. அதோடு முடித்துவிடுவார்கள். இணையப் பட்டியல்களும் இதற்குத் தூபம் போடுகின்றன. 'திகில்', 'விளையாட்டு', 'அறிவியல் புனைவு' வரிசையில் 'ஷோஜோ'வையும் ஒரு கதை வகையாக நிறுத்தி வைத்திருக்கின்றன.

இந்த விளக்கத்தை வைத்துக்கொண்டு ஜப்பானியப் பெண் மாங்கா ஓவியர் மோட்டோ ஹகியோவைப் படிக்கப் போனால் தலை சுற்றும். 1969-இல் முதல் கதை வெளியானது; அரை நூற்றாண்டு கடந்தும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. ஷோஜோ மாங்காவின் முன்னோடிகளைப் பட்டியலிட்டால் இவர் பெயர் இல்லாமல் இருக்காது. ஆனால் இவர் வரைந்தவற்றைப் பாருங்கள்: வயதே ஏறாத இரத்தக்காட்டேரிச் சிறுவர்கள், விண்கலத்தில் அடைபட்ட தேர்வு மாணவர்கள், ஜெர்மனியில் ஒரு விடுதிப் பள்ளி மாணவனின் மரணம், பெற்ற மகளை இகுவானா என்ற பெரிய பல்லியாகப் பார்க்கும் தாய், மாற்றாந்தந்தையின் பாலியல் கொடுமை. ரோஜாப்பூ நிறையவே உண்டு. பள்ளிக்கூடக் காதலைத்தான் தேட வேண்டும்.

ஆக, விளக்கத்தில்தான் கோளாறு. ஹகியோவின் தொழில்வாழ்க்கையைப் பின்தொடர்ந்து போனால் அது தானாகவே சரியாகிவிடும்.

பெயர்ப்பலகை எதைச் சொல்கிறது

பதின்வயதுப் பெண்களுக்கென்று விற்கப்படும் இதழ்களில் வரும் படக்கதைதான் ஷோஜோ மாங்கா. பையன்களுக்கான இதழில் வந்தால் அது ஷோனென் மாங்கா. இலக்கணம் இவ்வளவுதான். கதைக்குள் என்ன நடக்க வேண்டும் என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

மின்சார ரயிலில் மகளிர் பெட்டி இருக்கிறதல்லவா? அந்தப் பலகை யார் ஏறலாம் என்று சொல்லும். ரயில் எந்த ஊருக்குப் போகிறது என்று சொல்லாது. ஷோஜோ என்பதும் அந்த மாதிரிப் பலகைதான். ஆனால் இன்னொன்றும் உண்டு. வருடக்கணக்கில் ஒரே மாதிரியான பயணிகள் ஏறி இறங்கும் பெட்டிக்குள் பேச்சுக்கும் புழக்கத்துக்கும் தனியாக ஒரு பாணி வந்துவிடும். ஷோஜோ இதழ்களிலும் அப்படித்தான், கதை சொல்வதற்கென்று தனிப்பாணி ஒன்று வளர்ந்தது. அந்தப் பாணியை வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஹகியோ.

இதுவரை சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஷோஜோ என்பது வாசகரைக் குறிக்கும் பெயர். கூடவே அந்த வாசகருக்காக உருவான ஒரு சொல்முறையும் இருக்கிறது. கதைப்பொருள் எதுவாகவும் இருக்கலாம்.

ஹகியோவுக்கு முன்னால்

'முன்னோடி' என்றதும் 'முதல் பெண்' என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியில்லை.

பெண்பிள்ளைகளுக்கான இதழ்கள் ஜப்பானில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே உண்டு. அவற்றில் கதை, கவிதைகளோடு ஓவியங்களும் வந்தன. ஜுனிச்சி நகஹாரா போன்ற ஓவியர்கள் வரைந்த அகன்ற கண்ணுடைய பெண்களின் வழிவந்தவர்கள்தான் மாங்காவின் நட்சத்திரக் கண்ணழகிகள். 1953-இல் மாங்கா ஓவியர் ஒசாமு தெசுகா 'ஷோஜோ கிளப்' இதழில் 'ரிபோன் நோ கிஷி' என்ற தொடரைத் தொடங்கினார். ஆணாக வளர்க்கப்படும் ஓர் இளவரசியின் கதை. பெண்களே ஆண் வேடமும் கட்டும் தகராசுகா நாடகக் குழுவின் ஊரில் வளர்ந்தவர் தெசுகா. அந்தச் சாயல் கதையில் தெளிவாகவே தெரியும். 1963-இல் பெண்பிள்ளைகளுக்கான மாங்கா வார இதழ்கள் வரத் தொடங்கின.

வார இதழுக்குத் தீனி போட்டு மாளாது. அதுவரை பெண்பிள்ளைகளுக்கான மாங்காவைப் பெரும்பாலும் ஆண்கள்தான் வரைந்துகொண்டிருந்தார்கள். ஹிதெகோ மிசுனோ, மசாகோ வதனாபே, மியாகோ மகி போன்ற பெண்கள் 1950-களிலேயே நுழைந்துவிட்டாலும் எண்ணிக்கையில் குறைவு. வார இதழ்களின் பசிக்குப் புதுக் கைகள் தேவைப்பட்டன. பதிப்பகங்கள் புதுமுகப் போட்டிகளை நடத்தின. 1964-இல் மச்சிகோ சதோனகா 16 வயதில் கோடன்ஷா பதிப்பகத்தின் பரிசை வென்றபோது, பள்ளிக்கூட மேசைக்கு அடியில் நோட்டில் கிறுக்கிக்கொண்டிருந்த ஏராளமான பெண்களுக்கு 'நாமும் செய்யலாம் போலிருக்கிறதே' என்று தோன்றியது. 1969-இல் மிசுனோ தொடங்கிய 'ஃபயர்!' தொடரின் நாயகன் ஓர் அமெரிக்க ராக் பாடகன். பெண்பிள்ளைகளின் கதைக்கு நாயகி கட்டாயம் என்ற வழக்கம் அப்போதே ஆட்டம் கண்டுவிட்டது.

ஹகியோ வந்து சேர்ந்தது இந்தக் கட்டத்தில்தான். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே போய் என்ன செய்வது என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி.

ஓமுதாவிலிருந்து டோக்கியோ

ஹகியோ பிறந்தது 1949 மே 12, கியூஷு தீவில் ஃபுகுவோக்கா மாவட்டத்தின் ஓமுதாவில். நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த ஊர். பெற்றோருக்கு மாங்கா என்றாலே ஆகாது. படிப்பைக் கெடுக்கும் சமாச்சாரம் என்பது அவர்கள் தீர்மானம். மகள் நாடறிந்த படைப்பாளி ஆன பிறகும் அந்த மனத்தாங்கல் வெகுகாலம் தீரவில்லை. பிற்காலக் கதைகளில் தாய்மார்கள் ஏன் அப்படி வருகிறார்கள் என்று யோசிக்கும்போது இந்த விவரம் கைகொடுக்கும்.

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது தெசுகாவின் 'ஷின்செங்குமி' கையில் கிடைத்தது. நண்பனையே வாளால் எதிர்கொள்ள வேண்டிய கட்டாயத்தில் சிக்கும் ஓர் இளைஞனின் கதை. படித்து முடித்த பிறகும் பல நாள் அது மனதை விட்டு இறங்கவில்லை. மாங்கா வரைவதுதான் தொழில் என்று அப்போதுதான் முடிவு செய்தார். ஆடை வடிவமைப்புப் பள்ளியில் சேர்ந்து படித்துக்கொண்டே வரைந்தார். 1969-இல் கோடன்ஷாவின் 'நகயோஷி' இதழ் வழியாக 'லுலு தோ மிமி' என்ற குறும்பான சிறுகதை வெளியானது. கேக் போட்டியில் கலந்துகொள்ளும் இரட்டைச் சகோதரிகள் பற்றியது.

அதற்கப்புறம் முட்டுக்கட்டை. அவர் கொண்டுபோகும் கதைகளில் சாவும் துயரமும் இருந்தன. இதழுக்கு வேண்டியிருந்ததோ கலகலப்பு. ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. இந்த நேரத்தில்தான் இன்னொரு இளம் ஓவியர் கெய்கோ தகெமியா, ஷோகாக்குகான் பதிப்பகத்தின் ஜுன்யா யமமோட்டோ என்ற இதழாசிரியரிடம் ஹகியோவை அறிமுகப்படுத்தினார். ஷோகாக்குகான் அப்போதுதான் 'பெஸ்ஸாட்சு ஷோஜோ காமிக்' இதழைத் தொடங்கியிருந்தது. பெரிய பெயர்கள் எல்லாம் போட்டிப் பதிப்பகங்களின் கையில். இழப்பதற்கு ஒன்றுமில்லாத இதழ், கதை வாங்க ஆளில்லாத ஓவியர். கோடன்ஷா திருப்பிய கதைகளை யமமோட்டோ வாங்கிப் போட்டார்.

இந்த இடத்தைப் பலரும் மேதையைக் கண்டெடுத்த கதையாக எழுதுகிறார்கள். யமமோட்டோவின் கண்ணுக்கு உரிய மரியாதையைக் கொடுப்போம். ஆனால் இரண்டாம் இடத்தில் இருந்த ஒரு பதிப்பகத்தின் தேவையும் இதில் சரிபாதி என்பது என் கருத்து.

மாங்கா இதழ் எப்படி ஓடுகிறது

ஒரு மாங்கா முதலில் இதழில் தொடராக வரும். ஒரு டஜன் தொடர்களைச் சேர்த்து மட்டமான தாளில் அச்சடித்துக் குறைந்த விலைக்கு விற்பார்கள். அந்த இதழைப் படித்துவிட்டுத் தூக்கிப்போடுவதே வழக்கம். அதற்குள் ஓர் அஞ்சலட்டை இருக்கும். இந்த இதழில் எந்தக் கதை பிடித்தது என்று வாசகர் எழுதி அனுப்பலாம். வரும் அட்டைகளை எண்ணி, தொடர்களுக்கு வரிசை போடுவார்கள். கடைசியில் கிடக்கும் தொடருக்கு எந்த நேரமும் முற்றுப்புள்ளி விழலாம். தாக்குப்பிடித்த தொடரின் அத்தியாயங்களைத் தொகுத்துத் தனிப் புத்தகமாகப் போடுவார்கள். இதற்குத் தாங்கொபொன் என்று பெயர். வீட்டு அலமாரியில் நிற்பது இதுதான்.

இரண்டு அளவுகோல்கள் இருப்பதைக் கவனியுங்கள். அஞ்சலட்டை அந்த வாரத்து மனநிலையைச் சொல்லும். தாங்கொபொன் விற்பனை, காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு கதை பிடித்திருக்கிறதா என்பதைச் சொல்லும். இரண்டும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஹகியோ பிழைத்தது இந்த இடைவெளியில்தான்.

1972-இல் 'போ நோ இச்சிசோகு', அதாவது போ குலம், தனித்தனிச் சிறுகதைகளாக வரத் தொடங்கியது. ஒன்றோடொன்று தொடர்புடைய இரத்தக்காட்டேரிக் கதைகள். அதே நேரத்தில் 'மார்கரெட்' இதழில் ரியோகோ இகேதாவின் 'வெர்சாயின் ரோஜா' ஜப்பானையே உலுக்கிக்கொண்டிருந்தது. தங்களுக்கும் அப்படி ஒரு நெடுந்தொடர் வேண்டும் என்று ஷோகாக்குகான் விரும்ப, 1974-இல் 'ஷோஜோ காமிக்' வார இதழில் 'தோமா நோ ஷின்சோ', தாமஸின் இதயம், தொடங்கியது. முதல் அத்தியாயத்துக்கு வந்த அட்டைகளை எண்ணிப் பார்த்தால் தாமஸ் கடைசி இடம். தொடரைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி நெருக்கினார்கள். இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று ஹகியோ இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த வேளையில் போ குலத்தின் முதல் தாங்கொபொன் கடைக்கு வந்தது. அச்சடித்த 30,000 பிரதியும் மூன்று நாளில் தீர்ந்துவிட்டது. பதிப்பகத்தின் பேச்சு அத்தோடு மாறியது. தாமஸ் அந்த ஆண்டு முடிவு வரை ஓடி, ஹகியோ நினைத்த இடத்தில் நிறைவடைந்தது. இன்று ஷோஜோ மாங்காவின் செவ்வியல் படைப்புகளில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள்.

ஆக, அட்டை காலி செய்யச் சொன்னதைப் புத்தகம் காப்பாற்றியது. ஒரு கலைஞரின் 'வெற்றி' என்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்குப் பின்னால் இந்த மாதிரிக் கணக்குகள் இருக்கின்றன.

பக்கத்துக்குள் என்ன நடக்கிறது

இனி அந்தப் பாணி. ஹகியோவைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கதைப்பொருளையே பேசுகிறார்கள். எனக்கென்னவோ, அவர் பக்கத்தைப் பிரித்த விதம்தான் அதைவிடப் பெரிய விஷயம்.

வழக்கமான படக்கதையில் பக்கம் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கட்டத்தில் கை ஓங்குகிறது, அடுத்த கட்டத்தில் அடி விழுகிறது. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே இருக்கும் கோடு, நேரம் நகர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம். 'அப்புறம் என்ன?' என்று கேட்கிற கதைக்கு இந்த ஏற்பாடு பிரமாதமாகப் பொருந்தும்.

ஷோஜோ மாங்கா அடிக்கடி கேட்கும் கேள்வி வேறு: 'இந்த நொடியில் இவள் மனதில் என்ன ஓடுகிறது?' மனதில் ஓடுபவை வரிசையில் வருவதில்லை. கண் முன்னால் இருப்பதும், நேற்று கேட்ட ஒரு சொல்லும், நாளைக்கான பயமும் ஒன்றின் மேல் ஒன்று கவிந்து கிடக்கும். அவற்றைத் தனித்தனிக் கட்டத்தில் போட்டால், ஒன்று முடிந்து அடுத்தது வந்ததுபோல ஆகிவிடும். அதனால் கோட்டை அழிக்கிறார்கள். ஒரு கட்டம் இன்னொன்றின் மேல் ஏறி உட்காரும். முகம் மட்டும் எல்லையில்லாமல் வெள்ளைத் தாளில் மிதக்கும். தலை முதல் கால் வரை ஓர் உருவம் பக்கத்தின் ஓரம் முழுக்க நிற்கும், கட்டங்கள் அதற்குப் பின்னால் ஒதுங்கும். வாயால் சொல்வது பேச்சுக்குமிழிக்குள் வரும். மனதுக்குள் சொல்வது குமிழி எதுவும் இல்லாமல், துண்டு துண்டான வரிகளாகப் படங்களின் நடுவே சிதறிக் கிடக்கும். பூவும் இறகும் உதிரும் இலையும் அலங்காரத்துக்கு வந்தவை என்று நினைக்க வேண்டாம். இந்தக் காட்சி தெருவில் நடக்கிறதா, நினைவில் நடக்கிறதா என்று வாசகருக்குக் குறிப்புக் காட்டுபவை அவை.

பெரிய கண்ணுக்கும் இதே காரணம் உண்டு. முகத்தை அருகில் காட்டி உணர்ச்சியைச் சொல்லும் கலையில் கண்தான் மேடை.

இவற்றை ஹகியோ தனியாகக் கண்டுபிடிக்கவில்லை. முழு உருவத்தைக் கட்டங்களின் மேல் நிறுத்துவது 1950-களிலேயே வந்துவிட்ட வழக்கம். அவர் செய்தது இந்த உத்திகளைக் கதையின் எலும்பாக மாற்றியது. 'தாமஸின் இதயம்' பனி உருகும் ஒரு காலையில் தொடங்குகிறது. தாமஸ் என்ற சிறுவன் பாலத்திலிருந்து ரயில் பாதையில் விழுந்து இறக்கிறான். அவன் எழுதிய சிறிய கடிதம் யூலி என்ற மூத்த மாணவனுக்கு வந்து சேர்கிறது. கொஞ்ச நாளில் அச்சு அசல் தாமஸைப் போலவே இருக்கும் எரிக் என்ற புதியவன் அதே பள்ளிக்கு வருகிறான். கதையின் தலைப்பில் இருப்பவன் முதல் சில பக்கங்களிலேயே போய்விட்டான்; ஆனால் எரிக்கின் முகம் வரும் ஒவ்வொரு பக்கத்திலும் அவன் இருக்கிறான். யூலி பார்ப்பது எரிக்கையா, தாமஸையா? கோடில்லாத பக்கத்தில்தான் இந்தக் கேள்வியைப் பதில் சொல்லாமல் தொங்கவிட முடியும்.

'போ குலம்' காலத்தை வைத்து விளையாடுகிறது. எட்கர் 14 வயதில் இரத்தக்காட்டேரியாகி அப்படியே உறைந்துபோனவன். கதைகள் பதினெட்டாம் நூற்றாண்டுக்கும் இருபதாம் நூற்றாண்டுக்கும் இடையே முன்னும் பின்னுமாகத் தாவும். அதில் ஒரு நாட்குறிப்பை மையமாக வைத்த சிறுகதை உண்டு. ஆங்கிலேயர் ஒருவர் போ குலத்தின் கிராமத்தைக் கண்டதாக எழுதி வைத்த குறிப்பு, மகளிடம் போய், அவள் ஜெர்மனிக்குக் குடிபோய், இரண்டு உலகப் போர்களைத் தாண்டிப் பேரப்பிள்ளைகள் காலம் வரை வருகிறது. ஒரு சிறுகதை அளவுக்குள் மூன்று தலைமுறை கிழடாகிறது, எட்கர் ஆகவில்லை. காட்டேரிக் கதைகளில் வழக்கமாகக் கிடைக்கும் பயத்தை இதில் தேட வேண்டாம், கிடைப்பது வேறொன்று.

கதாநாயகர்கள் ஏன் பையன்கள்

பெண்பிள்ளைகளின் இதழில் பையன்கள் மட்டுமே நிறைந்த பள்ளி எதற்கு? இதற்கு 'அழகான பையன்களைப் பார்க்கப் பிடிக்கும்' என்ற பதில் சட்டென்று வரும். ஓரளவு உண்மையும்கூட. ஆனால் தாமஸுக்கு முன்னோட்டமான 'நவம்பர் ஜிம்னாசியம்' என்ற 1971-ஆம் ஆண்டுச் சிறுகதையை ஹகியோ பெண்கள் பள்ளியில் வைத்தும் யோசித்துப் பார்த்தார். சரிப்பட்டு வரவில்லை. பாத்திரம் பெண் என்றால், அவள் எப்படி உட்கார வேண்டும், யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்ற அன்றைய எதிர்பார்ப்புகள் அத்தனையும் வாசகியின் தோளிலும் ஏறிக்கொள்ளும். பையன் என்றால் அந்தச் சுமை இறங்கிவிடும். குற்றவுணர்வையும் நேசத்தையும் நேராகப் பார்க்கலாம்.

1975-இல் வந்த 'அவர்கள் பதினோரு பேர்' இதையே விண்வெளிக்குக் கொண்டுபோனது. விண்வெளிப் பல்கலைக்கழகத்தின் கடைசித் தேர்வு. பத்துப் பேர் கொண்ட குழு ஒரு பழைய விண்கலத்தில் 53 நாள் தாக்குப்பிடிக்க வேண்டும். உள்ளே போய் எண்ணினால் பதினோரு பேர். யாரோ ஒருவர் உளவாளி; அவசரப் பொத்தானை அழுத்தினால் அனைவரும் தோல்வி. இறுக்கமான மர்மக் கதை. அதற்குள் ஃப்ரோல் என்ற பாத்திரம் ஒன்று. அந்த இனத்தில் வளர்ந்த பிறகுதான் ஆணா பெண்ணா என்பது தீர்மானமாகும். தேர்வில் தேறினால் ஆணாக அனுமதி கிடைக்கும் என்பதற்காகவே ஃப்ரோல் வந்திருக்கிறது. 1975-இல் 13 வயதுப் பெண் ஒருத்தி இதைப் படிக்கும்போது விண்கலத்தை மட்டுமா யோசித்திருப்பாள்?

போ குலத்துக்கும் இந்தக் கதைக்கும் சேர்த்து ஷோகாக்குகான் மாங்கா விருது கிடைத்தது. 1980-இல் 'ஸ்டார் ரெட்', அப்புறம் வேறு இரண்டு படைப்புகள் என்று ஜப்பானிய அறிவியல் புனைவு ரசிகர்களின் செய்யுன் விருதும் மூன்று முறை வந்தது. 1977-இல் ரியு மிட்சுசேயின் அறிவியல் புனைவு நாவலை ஹகியோ மாங்காவாக வரைந்தார். வெளியானது 'ஷோனென் சாம்பியன்' வார இதழில், அதாவது பையன்களின் பத்திரிகையில். அதே கை, அதே ஆர்வங்கள். வெளியான இதழை வைத்து அதை ஷோனென் என்கிறோம். பெயர்ப்பலகை பற்றி மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

'24-ஆம் ஆண்டுக் குழு' ஒரு குழுவா?

ஹகியோவைப் பற்றிய எந்தக் குறிப்பிலும் இந்தப் பெயர் இருக்கும். ஜப்பானிய ஷோவா ஆண்டுக் கணக்கில் 24 என்பது 1949. அந்த வாக்கில் பிறந்து, 1970-களில் ஷோஜோ மாங்காவை மாற்றிய பெண்களுக்கு விமர்சகர்களும் வாசகர்களும் வைத்த பட்டப்பெயர் இது. உறுப்பினர் அட்டை, கொள்கை அறிக்கை எதுவும் கிடையாது. வழக்கமாகச் சேர்க்கப்படும் பெயர்களின் பிறந்த ஆண்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: யுமிகோ ஓஷிமாவும் ரியோகோ யமகிஷியும் 1947, தொஷியே கிஹாரா 1948, தகெமியா 1950. பெயருக்குப் பொருத்தமாக அந்த ஆண்டில் பிறந்தவர் என்று ஹகியோவைக் காட்டலாம்.

இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு பெயர் 'ஓய்சுமி சலோன்'. இது உண்மையிலேயே ஓர் இடம். டோக்கியோவின் நெரிமா பகுதியில், சுற்றிலும் முட்டைக்கோஸ் தோட்டங்கள் இருந்த ஓய்சுமியில், ஹகியோவும் தகெமியாவும் 1970 முதல் 1973 வரை பழைய வாடகை வீடு ஒன்றில் சேர்ந்து இருந்தார்கள். எதிரே நோரியே மசுயாமாவின் வீடு. மசுயாமா ஓவியர் இல்லை. நிறையப் படிப்பவர், சினிமாவும் இசையும் தெரிந்தவர், ஷோஜோ மாங்காவால் இன்னும் எவ்வளவோ முடியும் என்று இவர்களை உசுப்பிக்கொண்டே இருந்தவர். ஜெர்மன் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸேயை ஹகியோ படித்தது இவர் மூலமாகத்தான். இளம் ஓவியர்கள் வருவார்கள், தங்குவார்கள், ஒருவர் பக்கத்துக்கு இன்னொருவர் மை பூசிக் கொடுப்பார்கள். 1972-இல் ஹகியோ, தகெமியா, யமகிஷி, மசுயாமா நால்வரும் சுமார் ஒன்றரை மாதம் ஐரோப்பாவைச் சுற்றி வந்தார்கள்.

இதைக் கேட்டதும் 'பெண் கலைஞர்களின் பொற்கால வீடு' என்று ஒரு சித்திரம் மனதில் வந்துவிடும். அந்த வீடு மனக்கசப்போடுதான் கலைந்தது. தகெமியா 2016-இலும் ஹகியோ 2021-இலும் அந்த நாட்களைப் பற்றித் தனித்தனியே புத்தகம் எழுதினார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒரே வீட்டில் இருந்த இருவரின் நினைவு எவ்வளவு விலகிப் போகும் என்று தெரியும். தன் புத்தகத்தின் தலைப்பிலேயே, இதை ஒரே ஒரு முறைதான் சொல்வேன் என்று ஹகியோ சொல்லிவிடுகிறார். அதற்கப்புறமும் இருவரையும் சேர்த்து வைத்துத் திரைக்கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் அந்தத் தலைப்பையாவது மதிக்கலாம்.

குழப்பம் இல்லாமல் சொன்னால்: 24-ஆம் ஆண்டுக் குழு என்பது பின்னால் ஒட்டப்பட்ட பெயர், ஓய்சுமி என்பது சில ஆண்டுகள் இருந்த ஒரு வீடு. இரண்டும் ஒன்றில்லை.

வாசகி வளர்ந்த பிறகு

1970-களில் பள்ளிப் பையில் இதழை வைத்திருந்த பெண்கள் வேலைக்குப் போனார்கள், தாயானார்கள். அவர்களுக்காக 1980-இல் ஷோகாக்குகான் 'புச்சி ஃப்ளவர்' இதழைத் தொடங்கியது. ஹகியோவின் கனமான கதைகள் பல அதில்தான் வந்தன.

1984-இல் வந்த 'ஹான்ஷின்' வெறும் 16 பக்கம். உடல் ஒட்டிப் பிறந்த இரட்டைச் சகோதரிகள். ஒருத்தி மெலிந்து உலர்ந்தவள், புத்திசாலி. மற்றவள் தேவதைபோல அழகு, ஆனால் குழந்தை மனம். அழகானவளின் உடலுக்கான சத்து முழுக்கப் போவது மெலிந்தவளிடமிருந்து. பிரித்தால்தான் ஒருத்தியாவது பிழைப்பாள் என்ற நிலை வருகிறது. பிரித்த பிறகு மெலிந்தவள் தேறி, நிறமும் தசையும் பெறுகிறாள். ஒருநாள் கண்ணாடியில் பார்க்கிறாள்: அங்கே நிற்பது தங்கையின் முகம். செத்துப்போனவளோ சாகும்போது வற்றி வற்றி இவளைப் போலவே ஆகியிருந்தாள். அப்படியானால் இறந்தது யார்? வாழ்நாள் முழுக்க வெறுத்த முகத்தையே தன் முகமாகச் சுமக்க வேண்டியவளின் அழுகையோடு கதை முடிகிறது. 16 பக்கத்தில் இவ்வளவையும் வைக்க முடிகிறது என்றால், மேலே சொன்ன பக்க உத்தி எதற்காக என்பது விளங்கும்.

1992-இன் 'இகுவானாவின் மகள்' தாய்மையைப் பற்றி யாரும் வெளியே சொல்லாத ஒன்றைச் சொன்னது. தாய்க்கு மூத்த மகள் ரிகா இகுவானாவாகவே தெரிகிறாள். இளையவள் மட்டும் மனுஷியாகத் தெரிகிறாள். மற்றவர்கள் கண்ணுக்கு ரிகா சாதாரணமான, சொல்லப்போனால் அழகான பெண். ஆனால் தாயின் கண்ணால் தன்னைப் பார்த்துப் பழகிவிட்ட ரிகாவுக்கும் கண்ணாடியில் இகுவானாதான் தெரிகிறது. ஹகியோ படம் முழுக்க அவளை இகுவானாவாகவே, பள்ளிச் சீருடை போட்ட இகுவானாவாக, வரைகிறார். முதல் பார்வைக்குச் சிரிப்பு வரும், நாலு பக்கம் போனால் வராது. இறந்த தாயின் முகத்தை ரிகா பார்க்கும் கட்டத்தில் வரும் திருப்பத்தை இங்கே உடைக்க மனம் வரவில்லை. 1996-இல் இது தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது.

அதே 1992-இல் தொடங்கி 2001 வரை ஓடியது 'கொடிய தெய்வம் ஆள்கிறது'. மாற்றாந்தந்தையால் சூறையாடப்படும் ஜெரமி என்ற சிறுவனின் கதை, 17 தொகுதிகள். கொடுமை செய்தவர் செத்துப்போன பிறகும் கதை நீளமாகப் போகிறது. பிழைத்தவன் மீண்டு வர எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதுதான் ஹகியோவின் அக்கறை. அதைச் சுருக்க அவர் தயாராக இல்லை. எல்லோருக்கும் பரிந்துரைக்கும் புத்தகம் இது இல்லை. 1997-இல் தெசுகா ஒசாமு பண்பாட்டு விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது மாங்கா மேன்மைப் பரிசு இதற்குத்தான்.

மற்ற கௌரவங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். 2012-இல் ஜப்பான் அரசின் ஊதா ரிப்பன் பதக்கம். ஷோஜோ மாங்கா வரையும் பெண் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. 2022-இல் அமெரிக்காவின் ஐஸ்னர் படக்கதைப் புகழ் மண்டபத்தில் இடம். 2024-இல் பிரான்ஸின் ஆங்குலேம் படக்கதை விழாவில் கௌரவ விருது. இவற்றுக்கெல்லாம் நடுவே 2016-இல், முற்றும் போட்டு 40 ஆண்டு ஆன போ குலத்துக்கு 'ஃப்ளவர்ஸ்' மாத இதழில் புதிய அத்தியாயம் வரைந்தார். அந்த இதழ் கடைகளில் தீர்ந்துபோய் மறு அச்சுப் போட வேண்டி வந்தது. தூக்கிப்போடுவதற்கென்றே அச்சடிக்கும் மாத இதழுக்கு மறு அச்சு என்பது அபூர்வம்.

எதிலிருந்து தொடங்கலாம்

தமிழில் வருவதற்காகக் காத்திருந்தால் நாளாகும்; முக்கியமானவை பல ஆங்கில மொழிபெயர்ப்பில் கிடைக்கின்றன. 2010-இல் வந்த சிறுகதைத் தொகுப்பில் ஹான்ஷினும் இகுவானாவும் இருக்கின்றன. முதலில் அதைப் படியுங்கள். மாங்காவுக்கே புதியவர் என்றால் பக்கங்களும் கட்டங்களும் வலமிருந்து இடமாகப் போகும் என்பதை மறக்க வேண்டாம். பத்துப் பக்கத்தில் பழகிவிடும். மர்மம் பிடிக்குமென்றால் அடுத்தது 'அவர்கள் பதினோரு பேர்'. 'தாமஸின் இதயம்' அதற்கப்புறம். அதில் பெயர்களும் முகங்களும் தொடக்கத்தில் குழப்பும். முதல் ஐம்பது பக்கத்தை ஒரே மூச்சில் கடந்துவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து பாருங்கள். 'போ குல'த்தைக் கால வரிசைப்படி மாற்றி அடுக்கிப் படிக்கச் சொல்லும் பட்டியல்கள் இணையத்தில் உண்டு. புத்தகத்தில் இருக்கிற வரிசையிலேயே படியுங்கள். அது குழம்பியிருப்பது வேண்டுமென்றேதான்.